பூசாத சுவருக்கு ஏன் கூடக் காசு? வாபி சாபி பத்தித் தெரிஞ்சாக்கள் இருக்கீங்களா

உப்புவெளி மல்லிகை:

வணக்கம் எல்லாருக்கும். இது வீடு கட்டுற கேள்வியா ஜப்பான் கேள்வியா எண்டு எனக்கே சரியா விளங்கேல்ல, இடம் பிழையெண்டா அட்மின் மாத்தி விடுங்க.

அம்மாட வீடு உப்புவெளியில, கடற்கரையில இருந்து ஒரு ஒழுங்கை உள்ளுக்கு. கனடாவில இருக்கிற அக்காவும் அத்தானும் அதைத் திருத்தி முன்பக்கம் ரெண்டு அறைய ஹோம்ஸ்டேக்கு விடுவம் எண்டு வெளிக்கிட்டு கொழும்பில இருந்து ஒரு டிசைனரைப் பிடிச்சாங்க. மனுசன் வந்து சுத்திப் பாத்துட்டுப் போய் ஒரு பிடிஎஃப் அனுப்பினார், வாபி சாபி கான்செப்டாம். சுவர்ப் பூச்சை அங்கங்க உரிச்சுப்போட்டு அப்படியே விடுறது, இப்ப இருக்கிற சிவப்புத் தரையை உடைச்சுட்டு சாம்பல் நிறத்தில திட்டுத் திட்டாத் தெரியிற மாதிரி சீமெந்து இழுக்கிறது, மூலையில ஒரு கோணல் மரக்கட்டை, மேசையில உடைஞ்சு ஒட்டின பீங்கான். பக்கத்துக்குப் பக்கம் ஒரு ஜப்பான் சொல்லு வேற. காஞ்ச பூப் படத்துக்குக் கீழ மோனோ நோ அவரே, இருட்டு பாத்ரூமுக்குள்ள ஒரு மெழுகுதிரி கொழுத்தி வெச்ச படம் அதுக்குக் கீழ யூகென். கடைசிப் பக்கத்தில விலை. ஒழுங்காப் பூசி பெயின்ட் அடிக்கிறதை விட உரிச்சு விடுறதுக்குக் கூட!

அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். "சுனாமிக்குப் பிறகு இந்தச் சுவரை வெறுங்கல்லா வெச்சுக்கொண்டு எவ்வளவு காலம் இருந்தம், பூசி முடிச்ச அண்டைக்குத்தான் எனக்கு நித்திரையே வந்தது, இப்ப காசு குடுத்து உரிக்கப்போறாளாமா உன்ர கொக்கா" எண்டு ஒரே ஏச்சு. அக்கா அங்கால இருந்து அம்மாக்கு இதெல்லாம் விளங்காதுங்கிறா. நடுவில கிடந்து இடிபடுறது நான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான், இந்தச் சொல்லெல்லாம் ஒண்டுதானா வேற வேறயா? ஜப்பான்காரர் உண்மையா இப்படித்தான் வீட்டை வெச்சிருக்கிறாங்களா, இல்லாட்டி வெளியாக்களுக்கு விக்கிற சாமானா? அக்காவோட சண்டை பிடிக்க முதல் கொஞ்சம் அறிஞ்சு வெச்சுக்கொண்டு பிடிப்பம் எண்டு பாக்கிறன் 😅

சீனக்குடா பாஸ்:

தங்கச்சி ஜப்பான் எனக்குத் தெரியாது, சுவர் தெரியும். உப்புவெளியில கடல்காத்துப் படுற பக்கம் பூச்சை உரிச்சு விட்டா ரெண்டு மாரிக்குள்ள கல்லில உப்புப் பூத்து மாவா உதிரும், கொங்கிறீட்டுக்குள்ள கம்பி கறள் பிடிச்சா உப்பி வெடிச்சுத் தள்ளும், அதுக்கு ஜப்பான் பேர் என்னெண்டு டிசைனரிட்டக் கேளுங்க. உள் சுவரெண்டா ஓரளவுக்குப் பரவாயில்லை. கூலி கூட எண்டதில மட்டும் ஆள் பொய் சொல்லேல்ல, பழைய பூச்சை அளவா உரிச்சு விளிம்பு உதிராம நிப்பாட்டுறது பூசுறதை விட மினக்கேடு. முந்தி வாறாக்கள் எல்லாம் ஆர்க்கிடெக்ட் பாவாட ஸ்டைல் வேணும் எண்டாங்க, பிறகு டைட்டேனியம் தரை, இப்ப இது.

நகோயா ரிட்டர்ன்:

பாஸ் அண்ணை 😂

நான் கொஞ்சக் காலம் நகோயாப் பக்கம் ஒரு பாக்டரியில வேலை செய்தனான், லீவு கிடைச்சா கியோத்தோ ஒசாக்கா எண்டு திரியிறது. அந்த அனுபவத்தில சொல்றன், சாதாரண சனத்தின்ர வீட்டில உரிச்ச சுவரெல்லாம் நான் காணேல்ல, வினைல் வோல்பேப்பர், பிளாஸ்டிக் பெட்டி, ஏசி, ஒரு மூலையில காயப்போட்ட உடுப்பு, எங்கட வீடு மாதிரித்தான். கூட வேலை செய்த பெடியன்மாரிட்ட வாபி சாபி எண்டா என்ன எண்டு கேட்டா தலையைச் சொறிஞ்சு "அது சொல்றது கஷ்டம்" எண்டுட்டு பியரை ஊத்துவாங்க. ஆனா அதுக்காக சும்மா விக்கிறதுக்கு உண்டாக்கின சாமான் எண்டும் தள்ள ஏலாது மல்லிகை, அதுக்குப் பெரிய சரித்திரம் இருக்கு, அதைக் கேட்டா உங்கட டிசைனரில உங்களுக்குக் கொஞ்சம் இரக்கமும் வரும் கொஞ்சம் கோவமும் வரும்.

தொடக்கம் தேத்தண்ணி. பெரிய மனுசர் தேத்தண்ணிக்குக் கூடுறதே ஒரு காலத்தில சீனாவில இருந்து வந்த பளபளக்கிற கோப்பையை மற்றவனுக்குக் காட்டத்தான். 16ஆம் நூற்றாண்டில அதைத் தலைகீழாக்கின ஆக்கள் கொஞ்சப்பேர், அதில பெரியவர் சென் நோ ரிக்யூ (1522–1591). கியோத்தோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையில யாமசாக்கி எண்ட இடத்தில ஒரு கோயிலுக்குள்ள தையான் எண்டு ஒரு தேநீர் அறை இருக்கு, ரிக்யூ செய்வித்ததெண்டு சொல்றது, தேசியப் பொக்கிஷம். மொத்த இடமே ரெண்டு பாய். எங்கட பன்பாய் இல்லை, தடிப்பான தத்தாமி, ஒரு பாயில ஒராள் படுக்கலாம். அங்க போறதெண்டா முன்கூட்டி எழுதிக் கேக்கோணும், எனக்கு லீவும் அதுவும் ஒத்து வரேல்ல, ஆனா ரிக்யூ பிறந்த சாகாய் நகரத்தில அதே மாதிரி ஒண்டு கட்டி வெச்சிருக்கிறாங்க, அதைப் பாத்தன்.

வாசல் எண்டு சொல்றது சுவர்ல ரெண்டடி சொச்சத்துக்கு ஒரு சதுரப் பொந்து. பிரபுவோ சாமுராயோ வாளை வெளிய வெச்சுட்டு முழங்கால்ல ஊர்ந்துதான் உள்ள போகோணும். உள்ளுக்குச் சுவர் களிமண், பிசைஞ்ச வைக்கோல் துண்டு துண்டா வெளியில தெரியுது. ஜன்னல்தான் உங்களுக்கு முக்கியம், கவனமா வாசியுங்க. அது தனியா மரச்சட்டம் அடிச்சு வெச்ச ஜன்னல் இல்லை. எங்கட ஊர் மண்வீட்டுக்கு வரிச்சுக் கட்டுவாங்களே, அதே மாதிரி உள்ளுக்குக் கட்டின மூங்கில் வரிச்சில ஒரு இடத்தை மண் பூசாம விட்டிருக்கு, வரிச்சு அப்படியே தெரியுது, வெளிச்சம் அதுக்குள்ளால கடுதாசியில பட்டு வருது. ஆக, பூசாத சுவர் ரிக்யூட்டயே இருக்கு! டிசைனர் முழுப் புளுகு இல்லை. ஆனா அந்தப் பூசாத இடம் எங்க வரோணும், அதுக்குள்ளால வாற வெளிச்சம் கோப்பையில எந்தப் பக்கம் விழோணும் எண்டு இருந்து யோசிச்சு விட்டது. பாக்கிறதுக்கு ஏழை வீடு மாதிரி இருக்கே தவிர அதுக்குள்ள ஒரு அங்குலமும் ஏனோதானோ எண்டு இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. ரிக்யூ ஏழையில்லை, சாகாய் வியாபாரக் குடும்பத்து ஆள், நாட்டையே கையில வெச்சிருந்த ஹிதேயோஷிக்கு தேநீர் ஆசான். அதே ஹிதேயோஷி கழட்டிப் பூட்டக்கூடிய ஒரு தங்க அறை செய்வித்து 1586ல சக்கரவர்த்தின்ர அரண்மனைக்கே கொண்டுபோய்க் காட்டினவர், சுவரும் தங்கம் கூரையும் தங்கம். ரிக்யூ தன்ர பக்கத்தில சோஜிரோ எண்ட ஆளைக் கொண்டு குயவன்ர சில்லுச் சுத்தாம கையாலயே பிடிச்ச கறுப்புக் கோப்பை செய்விச்சார், இண்டைக்கு ராக்கு எண்டு சொல்றது அதைத்தான். கடைசியில 1591ல ஹிதேயோஷி வயித்தைக் கிழிச்சுச் சாகச்சொல்லிக் கட்டளை போட்டார். சொன்ன குற்றங்களில ஒண்டு, தைத்தோகுஜி கோயில் வாசல் மாடத்தில தன்ர சிலையை வைக்க விட்டது. மற்றது என்ன தெரியுமா, தேநீர்ச் சாமான்களை ஆனைவிலை குதிரைவிலைக்கு வித்தது. உண்மைக் காரணம் எது எண்டு இண்டைக்கும் அடிபடுறாங்க. ஆனா 'கோணல் சாமானுக்கு ஏன் இவ்வளவு விலை' எண்ட உங்கட கொம்ப்ளெயின்ட் 400 வருசத்துக்கு மேல பழசு எண்டு அம்மாட்டச் சொல்லுங்க.

வாபியும் சாபியும் ஒண்டெண்டு இப்ப சேத்து அடிக்கிறாங்க. நான் விளங்கிக்கொண்டது, வாபி மனுசன் தெரிஞ்செடுக்கிறது, இருக்கிறதைக் குறைச்சு அந்தக் குறைச்சலுக்குள்ள இருந்து பாக்கிறது. சாபி காலம் செய்து தாறது. கறள், பாசி, கைபட்டு மழுங்கின பிடி, ஆளில்லாத இடத்தின்ர ஒரு தனிமை. பாஷோவும் (1644–1694) அவற்ற சீடர்களும் கவிதையில தேடினது கூட இதைத்தான். காலம் செய்றதை மேசனைக் கூட்டிவந்து ஒரு கிழமையில செய்விச்சா அது சாபி இல்லை, மேக்கப்.

கிண்ணியா நானா:

மாஷா அல்லாஹ் எங்கட ஊர்ல பாதி வீடு அப்ப வாபி சாபிதான், பெர்மிட் எடுத்து மேல்மாடி கம்பியை நீட்டி விட்டுட்டு சவூதிக்குப் போன ஆக்கள்ற வீடு எல்லாத்தையும் சேத்தா கியோத்தோவை விடப் பெரிசு

பழைய டீச்சர்:

நானா, சிரிச்சு முடியேல்ல.

மகள் மல்லிகை, மோனோ நோ அவரே பத்தி நான் கொஞ்சம் எழுதுறன், பள்ளிக்கூடத்தில தமிழ் படிப்பிச்ச பழக்கம், நீண்டுபோனாப் பொறுத்துக்கொள்ளுங்க. இதைப் பெரிசா எடுத்துச் சொன்னவர் மோதோஓரி நொரினாகா (1730–1801), மத்சுசாக்கா எண்ட ஊரில வைத்தியர், பகல்ல நோயாளர், இரவில பழைய இலக்கியப் பாடம். 11ஆம் நூற்றாண்டு தொடக்கத்தில முராசாகி ஷிகிபு எண்ட அரண்மனைப் பெண் எழுதின கெஞ்சி கதையை அவர் காலத்துப் பண்டிதர் சிலர் ஒழுக்கக்கேடு எண்டாங்க, சிலர் இல்லை இது பௌத்த உபதேசத்துக்கு உதாரணம் எண்டாங்க. நொரினாகா ரெண்டு பேரையும் தள்ளிப்போட்டு, நல்லது கெட்டது எண்டு தராசில வைக்கிறதுக்கு இது எழுதேல்ல, ஒண்டைக் கண்டால் மனம் அசையோணும், அசையிற மனம் உள்ளவன் மற்றவன்ர துக்கத்தையும் அறிவான், அதுக்குத்தான் கதை எண்டார். காஞ்ச பூ மட்டும் இல்லை பிள்ளை, பூத்த பூவும் அதுக்குள்ள அடக்கம்.

நிலையாமை எங்களுக்கும் புதுசில்லையே எண்டு கேப்பீங்க. வள்ளுவர் அந்தப் பேரிலயே ஒரு அதிகாரம் வெச்சார், ஆனா எங்க வெச்சார் எண்டு பாருங்க, துறவறவியல்ல. நேற்று இருந்தவன் இண்டைக்கு இல்லை, ஆகவே பற்றை விடு, அந்தப் பாதை. ஜப்பான்காரர் அதே இடத்தில நிண்டு, நாளைக்கு இல்லை ஆகவே இண்டைக்கு நல்லாப் பார் எண்டு மற்றப் பக்கம் திரும்பினாங்க. இது வகுப்பில சொல்ல வசதியான பிரிப்பு, முழு உண்மை இல்லை எண்டும் நானே சொல்றன். பாரி மகளிர் அண்டைக்கும் நிலா இருந்தது இண்டைக்கும் நிலா இருக்கு, அப்பாவும் இல்லை மலையும் இல்லை எண்டு பாடின புறநானூற்றுப் பாட்டில எங்க உபதேசம் இருக்கு? நொரினாகாட கையில அதைக் குடுத்திருந்தா நித்திரை கொண்டிருக்க மாட்டார். மறுபக்கம் ஜப்பானிலயும் துறவிகள்தான் இதைக் கனக்க எழுதினது. கென்கோ எண்ட துறவி 14ஆம் நூற்றாண்டில, முழுசாப் பூத்த பூவையும் முகில் இல்லாத நிலாவையும் மட்டும்தான் பாக்கோணுமா எண்டு கேட்டு வெச்சார்.

அம்மாவை நினைச்சுக்கொண்டு இன்னொருவரையும் சொல்லோணும். காமோ நோ சோமேய், 1212ல எழுதினவர். கியோத்தோவில பெருந்தீ, சுழல்காத்து, பஞ்சம், 1185ல பெரிய பூமியதிர்ச்சி எல்லாத்தையும் கண்ட மனுசன். பத்தடிக்குப் பத்தடி ஒரு குடில், வேணுமெண்டா கழட்டி வண்டியில ஏத்திக்கொண்டு போகலாம், மலைக்குள்ள அதில இருந்தார். ஸ்டைலுக்கு இல்லை, வீடு எண்டா என்னத்துக்கு விழும் எண்டு கண்ணால கண்டு. கடைசியில தன்னையே கேக்கிறார், இந்தக் குடில்ல எனக்கு வாற ஆசையும் ஒரு பற்றுத்தானே எண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதாமலே முடிச்சுட்டார். உங்கட அம்மா பூச்சுப் பூசினதும், அவர் சின்னக் குடில் கட்டினதும் கிட்டத்தட்ட ஒரே பயத்துக்கு எண்டுதான் எனக்குப் படுது. கொக்கா காசு குடுத்து வாங்கப்பாக்கிறது அந்தப் பயம் தெரியாத ஒண்டை.

கோட்டை மான்:

எல்லாரும் பூ, நிலா எண்டு நல்லாத்தான் எழுதுறீங்க. நான் கொஞ்சம் கசப்பா எழுதுவன், கோவிக்காதீங்க.

திருகோணமலையில இருந்துகொண்டு ஜப்பான்ர அழகைக் கதைக்கேக்க 1942 ஏப்ரல் 9 ஞாபகத்துக்கு வராட்டி சரியில்லை. காலமையே விமானங்கள் வந்து துறைமுகத்தையும் சீனக்குடாப் பக்கத்தையும் அடிச்சது, அதே நாள் மட்டக்களப்புக் கடல்ல பிரிட்டிஷ்காரற்ற ஹெர்மீஸ் கப்பலையும் தாட்டாங்க. சீனக்குடா எண்ணெய்த் தாங்கியில ஒரு விமானம் விழுந்து எரிஞ்ச கதை எங்கட பாட்டாமார் சொல்லித்தான் வளந்தம். பாஸ் அண்ணைக்கு அந்தத் தாங்கிப் பக்கம் நல்லாத் தெரியும்.

அது நடந்த காலம் ஜப்பான்ல ஏப்ரல், செர்ரி பூக்கிற காலம். ரெண்டு மூண்டு வருசத்தில அந்தப் பூவையே எடுத்துப் பெடியன்மாரைச் சாக அனுப்பினாங்க. 1944 ஒக்டோபர்ல பிலிப்பைன்ஸ்ல முதல் காமிகாஸே (விமானத்தோட போய் மோதிச் சாகிற) அணி நாலுக்கும் வெச்ச பேர் ஷிகிஷிமா, யமாதோ, அசாஹி, யமாசாகுரா. நாலும் டீச்சர் சொன்ன அதே நொரினாகாட ஒரு பாட்டில இருந்து பிச்சு எடுத்த சொல்லுகள், காலை வெயில்ல மலைச்செர்ரி எண்டு வாற பாட்டு. பிறகு ஆள் உள்ள இருந்து ஓட்டிக்கொண்டு போய் மோதுற ரொக்கெட் குண்டுக்கு ஓக்கா எண்டு பேர், செர்ரிப் பூதான். நொரினாகா செத்து 140 வருசத்துக்கு மேல, அவரில பிழை சொல்லேல்ல. ஆனா உதிர்றது வடிவு எண்டு ஒரு நாட்டுக்கே படிப்பிச்சு வெச்சா, உதிரப்போறது ஆர் எண்டு முடிவு பண்றவனுக்கு வேலை லேசாப் போயிடும்.

எங்களுக்கு இது இன்னும் கிட்ட. 1622ல போத்துக்கேயன் கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினான். கோட்டைக்குள்ளால நடந்து கோயிலுக்குப் போற ஒவ்வொரு தரமும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தாலதான் போறம். ஜப்பான்ல இசே கோயிலை 20 வருசத்துக்கு ஒருக்கா தாங்களாவே கழட்டிப் பக்கத்துக் காணியில புதுசாக் கட்டுறாங்க, 690ல தொடங்கினது, கடைசியா 2013ல 62ஆம் தரம், அடுத்தது 2033. அதில தச்சன் மகனுக்குத் தொழில் படிப்பிக்கிறான், மரத்துக்குக் காடு வளக்கிறாங்க. தானா விரும்பிக் கழட்டுற நிலையாமை அது. எங்கட சனத்துக்குத் தெரிஞ்சது மற்றவன் வந்து இடிக்கிற நிலையாமை. ரெண்டையும் ஒரே பிடிஎஃப்புக்குள்ள போடுறவனிட்ட நான் வீட்டைக் குடுக்க மாட்டன்.

நகோயா ரிட்டர்ன்:

மான் அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஓக்கா விசயத்தை ஜப்பான்காரரே நிறையப்பேர் வெக்கத்தோட எழுதியிருக்கிறாங்க. ஆனா பூப் பாக்கப் போற சனத்தைப் பாத்தா உங்களுக்கு அந்த நினைப்பு வராது, நீல டார்ப்போலின் விரிச்சு ஒபீஸ் சனம் முழுக்கக் குந்தி இருந்து பொரிச்ச கோழி சாப்பிட்டு சத்தமாப் பாடிக்கொண்டு, ஜூனியர் பெடியனை விடியக்காலமையே அனுப்பி இடம் பிடிக்க விடுறது. எங்கட ஆடிப்பூரத்துச் சனம் மாதிரி. உதிர்ற பூ பியர்ல விழுந்தா எடுத்து எறியிறதும் இல்லை, அப்படியே குடிக்கிறது.

யூகென் ஒருத்தரும் தொடேல்ல, மெழுகுதிரி பாத்ரூமுக்குப் பதில் சொல்லோணுமே. இதைக் கையில எடுத்துக்கொண்டு நிண்டவர் ஸெயாமி, 14ஆம் நூற்றாண்டு கடைசி 15ஆம் நூற்றாண்டு தொடக்கம், நோ எண்ட பழைய முகமூடி நாடகக்காரர், சின்ன வயசில ஷோகன் (நாட்டை ஆண்ட படைத்தலைவர்) யோஷிமித்சுக்கு செல்லப்பிள்ளை, கிழவனான பிறகு 1434ல வேறொரு ஷோகன் சாதோ தீவுக்கு நாடுகடத்திட்டார். அவருக்கு முதல் கவிதைக்காரர் யூகெனை ஆழம், மூடல், சொல்லாம விட்டதின்ர பாரம் எண்ட மாதிரிப் பாவிச்சாங்க, ஸெயாமிட்ட வரேக்க அது நளினமாயும் மாறுது. பேய் வேசம் போட்டாலும் பாறையில பூத்த பூ மாதிரி இருக்கோணும் எண்டார். அதால யூகெனுக்கு இருட்டுக் கட்டாயம் இல்லை. பாத்ரூமுக்கு லைட் போடலாம் 😂

நான் ஒருக்கா கியோத்தோவில நோ பாத்தன். மேடையில சீன் இல்லை, பின்னால ஒரு பைன் மரம் கீறிய பலகை, அவ்வளவுதான். முகமூடிக்கு இருக்கிற கண் ஓட்டை அவ்வளவு சின்னன், நடிகருக்குத் தன்ர காலே தெரியாது, மேடை மூலையில நிக்கிற தூணைக் கணக்கு வெச்சுத்தான் நடப்பார். மரத்தில செதுக்கின முகம், அசையாது. ஆனா தலையை ஒரு கொஞ்சம் நிமித்தினா வெளிச்சம் பட்டு சிரிக்கிற மாதிரி இருக்கு, கொஞ்சம் குனிஞ்சா கன்னத்தில நிழல் விழுந்து அழுற மாதிரி இருக்கு. நான் முன்வரிசையில இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறன், மனுசன் ஒண்டும் செய்யேல்ல, எனக்குத் தொண்டை அடைக்குது. கதையும் விளங்கேல்ல, பாசையும் பழைய பாசை.

கனக்க நோ கதை ஒரே அமைப்பு. வழிப்போக்கா ஒரு துறவி ஒரு இடத்துக்கு வாறார், அங்க ஒரு ஊர்ச்சனம் வந்து இந்த இடத்தில முந்தி இப்படி நடந்தது எண்டு கதை சொல்லும், சொல்லிப்போட்டுப் போகேக்கதான் தெரியும் அந்தக் கதையில செத்த ஆளே அதுதான் எண்டு, ரெண்டாம் பாதியில தன்ர உண்மை உருவத்தில வந்து ஆடும். எங்கட கோணேசர் கோயில் இருக்கிற சுவாமிமலையில ஒல்லாந்துக்காரப் பெட்டை கப்பல்ல போன காதலனைப் பாத்துக் குதிச்ச கதை, அந்தத் தூணில 1687 எண்டு இருக்கே, அதை ஸெயாமி கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டார். அவள் குதிக்கவே இல்லை, பிறகு வேற ஆளைக் கட்டினவள் எண்டும் ஒரு கதை இருக்கு. அதுவும் நோவுக்கு நல்லாத்தான் இருக்கும், குதிக்காதவளின்ர ஆவி வந்து என்னை ஏன் குதிச்சதாச் சொல்றீங்க எண்டு கேட்டா?

உப்புவெளி மல்லிகை:

இவ்வளவு எழுதுவீங்க எண்டு நினைக்கேல்ல, எல்லாருக்கும் நன்றி. டீச்சர்ட பகுதியை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன், அந்தக் குடில்காரர் சாப்பாட்டுக்கு என்ன செய்தவர் எண்டு கேட்டா.

நகோயா அண்ணா, நீங்க காலம் செய்றது எண்டு எழுதினதை வாசிச்சுட்டு எழும்பிப்போய் முன் அறைத் தரையைப் பாத்தன். டிசைனர் உடைக்கச் சொன்ன சிவப்புத் தரை. அது அப்பா காலத்தில போட்டது, சுனாமியில சுவர் விழுந்தது, கூரை போனது, தரை மட்டும் மிஞ்சினது. வாசலில இருந்து குசினிக்குப் போற வழி கால்பட்டு மங்கி, அப்பாட சாய்மனைக்கதிரை இருந்த இடத்தில நாலு கால் அடையாளமும் இருக்கு, மற்ற இடம் எல்லாம் அம்மா தேங்காய்ப் பொச்சால தேச்சுத் தேச்சு கண்ணாடி மாதிரி. அதை உடைச்சுட்டுப் பழசு மாதிரி ஒண்டு போட எவ்வளவு கேட்டிருக்கிறார் தெரியுமா! படம் எடுத்து அக்காக்கு அனுப்பினன். ப்ளூ டிக் விழுந்திருக்கு, பதில் இல்லை.

இன்னொரு கேள்வி, அந்த உடைஞ்சு ஒட்டின பீங்கான். அம்மாட்ட ஒரு பழைய பூப்போட்ட பீங்கான் வெடிச்சுக் கிடக்கு, அதைத் தங்கத்தால ஒட்டலாமா? ஒன்லைன்ல கிட் விக்கிறாங்க.

நகோயா ரிட்டர்ன்:

கிண்ட்சுகி. ஒட்டுறது தங்கம் இல்லை, உருஷி எண்ட மரத்தின்ர பால். ஒரு நாள் கிளாஸ் ஒண்டுக்குப் போய் ஆசான் செய்றதைப் பாத்தன். பாலைக் கோதுமை மாவோட குழைச்சு உடைஞ்ச விளிம்பில மெல்லிசாத் தடவி ஒட்டி, ஈரத்துணி வெச்ச மரப்பெட்டிக்குள்ள வைக்கிறாங்க, ஏனெண்டா இந்தப் பால் வெயில்ல காயாது, ஈரக்காத்தில இருந்துதான் இறுகும். பிறகு சுரண்டி, பள்ளத்தை நிரப்பி, தேச்சு, திரும்பப் பூசி, கடைசிப் பூச்சு பாதி ஈரமா இருக்கேக்க அதுக்கு மேல பஞ்சு மாதிரி தூரிகையால தங்கப்பொடியைத் தட்டி விடுறது. முழுசா முடிய கிழமைக்கணக்கு, மாசக்கணக்கு. அந்தப் பால் மேல பட்டா கொப்புளம் போடும், மாமரமும் கஜுவும் அதே குடும்பம், மாங்காய்ப்பால் பட்டு வாய் வெந்தாக்கள் தள்ளி நிண்டு பாக்கிறது நல்லது.

கிட்டில வாறது கூடுதலா எபொக்ஸியும் பித்தளைப் பொடியும். அலுமாரியில வைக்க ஓகே, சோறு போட்டுச் சாப்பிடாதீங்க.

இதுக்கும் ஒரு கதை சொல்றாங்க. ஷோகன் யோஷிமாசாட சீனக் கோப்பை வெடிச்சு, இதே மாதிரி இன்னொண்டு தாங்க எண்டு சீனாவுக்கு அனுப்ப, இப்ப இப்படிச் செய்ய ஆளில்லை எண்டு இரும்புக் கிளிப் அடிச்சுத் திருப்பி அனுப்பினாங்களாம். அந்தக் கோப்பை இப்ப தோக்கியோ தேசிய மியூசியத்தில இருக்கு, கிளிப்போட. அதுதான் கிண்ட்சுகிக்குத் தொடக்கம் எண்டு நெட்டில ஒட்டிச் சொல்றாங்க, என்னத்தை நம்புறது எண்டு உங்கட விருப்பம்.

சீனக்குடா பாஸ்:

சிவப்புத் தரையை உடைக்க விடாதீங்க தங்கச்சி. இப்ப அப்படிப் போடத் தெரிஞ்ச ஆக்கள் குறைவு, அந்த மட்டமும் பிடிக்க மாட்டாங்க. கொழும்பாருக்கு மண்ணும் வைக்கோலும்தான் வேணும் எண்டா முன் விறாந்தையில உள்பக்கச் சுவர் ஒண்டில மண்பூச்சுப் போட்டுக் காட்டுறன், கறையானுக்கு அடியில மருந்து அடிச்சுட்டு. தம்பலகாமத்தில பழைய ஆள் ஒருத்தர் இருக்கிறார், மண்ணை வைக்கோலோட மிதிச்சு ஊறப்போட்டுப் பதம் வந்த பிறகுதான் கை வைப்பார். மாரி தொடங்க முதல் சொல்லுங்க, மழைக்குள்ள ஏலாது. மான் தம்பி, தாங்கிப் பக்கம் ஓம், பாட்டாக்கள் சொன்னதுதான், எங்கட அப்பாவும் சொல்லுவார்.

பாலையூத்துப் பெடியன்:

லேட்டா வாறன். மேல சொன்ன நோ நாடகம் யூட்டியூப்ல பாக்கலாமா? எதில தொடங்குறது? அனிமே பாத்துத்தான் ஜப்பான் தெரியும் எனக்கு, அடிக்காதீங்க

நகோயா ரிட்டர்ன்:

ஹாகொரோமோவில தொடங்கு தம்பி. மிஹோ கடற்கரையில ஒரு மீன்பிடிகாரன் பைன் மரத்தில தொங்கிற ஒரு உடுப்பை எடுக்கிறான், அது வானுலகத்துப் பெண்ணின்ர இறகு உடுப்பு, அது இல்லாட்டி அவளுக்குப் பறக்க ஏலாது. தாறன், ஆனா ஆடிக்காட்டோணும் எண்டுறான். உடுப்பு இல்லாம ஆடேலாது, முதல் தா எண்டுறாள். தந்தா ஆடாமப் பறந்துடுவாயே எண்டு இவன். சந்தேகம் மனுசருக்குத்தான், வானத்தில பொய் இல்லை எண்டு அவள் சொல்ல இவன் வெக்கப்பட்டுக் குடுத்துடுறான், அவள் ஆடிக்கொண்டே மேல போயிடுறாள். கதை அவ்வளவுதான். எங்கட கடற்கரையில ஆரும் இந்த மாதிரி டீல் பேசினா விலை இன்னும் இழுபட்டிருக்கும்.

ஒண்டு சொல்லி வைக்கிறன், சரியான மெதுவு. ஒரு அடி எடுத்து வைக்க நீ ஒரு பிளேன்டீ குடிச்சு முடிச்சிடலாம். 1.5 ஸ்பீட்ல மட்டும் போடாத, போட்டா பகிடியாப் போயிடும். நடுவில நித்திரை வந்தா வரட்டும், அங்க டிக்கெட் எடுத்து வந்த கிழவர்மாரே எனக்குப் பக்கத்தில குறட்டை விட்டவங்க.